பழைய அலமாரிக் கதவின் கண்ணாடியில் ஒரு முற்றத்து வெளிச்சம்

அண்ணாநகரில் உள்ள உறவினர் வீட்டில் படுக்கையறை அலமாரியை மாற்றியபோது, அதிலிருந்த கண்ணாடி பதித்த ஸ்லைடிங் கதவுகள் நான்கும் பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஏழடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்டவை. அலுமினியச் சட்டத்துக்குள் 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி. பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்கு விலை உண்டு, கண்ணாடிக்கு இல்லை. கண்ணாடிக் கடையிலும் விளிம்பு கறுத்த பழைய கண்ணாடியைத் திரும்ப எடுப்பதில்லை. மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் எங்கள் வீடோ, முகப்பு குறுகி உள்ளே நீண்டு போகும் பழைய வீடு. இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீடுகளோடு ஒட்டியிருப்பதால் நடுக்கூடத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். எனவே, இந்தக் கதவுகளைக் கொண்டு அழகுப் பொருள் செய்வதைவிட அந்த இருட்டை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் பிரிக்கும் வேலை. கண்ணாடியின் எடைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. அதன்படி சட்டம் நீங்கலாகவே ஒரு கதவு ஏறக்குறைய 16 கிலோ வரும். படுக்கை வசமாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே வளைந்து விரிசல் விடும் என்பதால், எப்போதும் நெட்டுக்குத்தாகவே தூக்க வேண்டும்; சாய்த்து வைக்கும்போதும் அடியில் சாக்கு விரித்து வைக்க வேண்டும். சட்டத்தின் நான்கு மூலை ஸ்க்ரூக்களையும் கழற்றி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பக்கச் சேனல் விலகிவிடும். பிறகு கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் பீடிங் பட்டையை உருவினால் கண்ணாடி தனியாக வந்துவிடும். சில வீடுகளில் ப்ளைவுட் மேல் டபுள் சைடு டேப்பும் சிலிக்கானும் வைத்து ஒட்டியிருப்பார்கள். அப்படியானால் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே தூண்டில் நரம்பை விட்டு, ரம்பம் இழுப்பதைப் போல இரு பக்கமும் இழுத்து அறுப்பதே பாதுகாப்பான வழி.

வெட்டுவதற்கு முன் அது டஃபன் செய்த, அதாவது சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கிய கண்ணாடியா என்று பார்த்துவிட வேண்டும். மூலையில் சிறிய முத்திரை பதித்திருந்தால் தொடவே கூடாது; கட்டர் பட்டால் முழுத் தகடும் பொடிப்பொடியாகச் சிதறும். முத்திரை தேய்ந்து போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பகல் வெளிச்சத்தில் போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி அணிந்துகொண்டு சாய்வாகப் பார்க்கலாம். டஃபன் செய்ததில் வரிவரியாகவோ புள்ளிபுள்ளியாகவோ நிழல் தெரிவது வழக்கம். எங்கள் கதவுகள் சாதாரணக் கண்ணாடிதான். கட்டர் சக்கரத்துக்கு மண்ணெண்ணெய் தொடுவது பழைய பழக்கம். இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். கட்டர் வாங்கிய கடையில், "அண்ணே, ரசம் பூசின பக்கம் கோடு போடாதீங்க, முகம் பாக்குற பக்கம் போடுங்க; ஒரே இழுப்பு, ரெண்டாவது தடவை மேல ஓட்டாதீங்க" என்றார்கள். அதில் அத்தனையும் அடங்கிவிட்டது. சரியான அழுத்தம் விழும்போது பட்டுத்துணி கிழிவதைப் போல ஒரே சீரான ஓசை எழுகிறது. ஓசை விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்தில் வெட்டு நிற்காது.

அடிப்பக்க விளிம்புகளில் மூன்று விரற்கடை அளவுக்கு ரசம் கறுத்திருந்தது. கண்ணாடியின் முதுகில் வெள்ளிப் படலம், அதன்மேல் பெரும்பாலும் செம்புப் படலம், அதற்கும் மேல் பெயிண்ட் என்று அடுக்கடுக்காக இருக்கும். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்டறிந்த வெள்ளி பூசும் முறைதான், பாதரசமும் வெள்ளீயமும் கலந்து பூசிய பழைய முறையைப் பின்னர் விலக்கியது. தரையைத் துடைக்கும் ஈரம் விளிம்பு வழியாக உள்ளே ஏறும்போது வெள்ளி கறுக்கிறது. கறுத்த பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, புது விளிம்பில் எனாமல் பெயிண்டை இரண்டு பூச்சுக் கொடுத்தால் நெடுநாள் தாங்கும். ஒட்டுவதற்குச் சிலிக்கான் வாங்கும்போதும் கவனம் தேவை: பிதுக்கினால் வினிகர் வாடை அடிக்கும் வகைச் சிலிக்கானிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளிப்படும், அது பின்பூச்சையும் ரசத்தையும் அரித்துவிடும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சித்திரை பிறக்கும் சமயத்தில் முற்றத்து வேலையைத் தொடங்கினேன். எங்கள் முற்றம் தெற்கு வடக்காக ஆறடியும் கிழக்கு மேற்காக ஐந்தடியும் உள்ள ஒரு கிணறு போன்ற இடம். சுவர்களின் உயரம் 22 அடி. மேலே ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு உண்டு. நடுக்கூடம் இதன் வடக்கே இருக்கிறது. கூடத்துக்கு எதிரே, தெற்குச் சுவரில் சாய்த்துத் தரையில் ஒரு கண்ணாடியை வைத்தால் மேலே தெரியும் வானத்தைக் கூடத்துக்குள் திருப்பிவிடலாம் என்பதே திட்டம். சூரியனை நேராகப் பிடித்து ஒரு சுவரில் விழவைக்கும் எண்ணத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், அசையாத கண்ணாடியிலிருந்து கிளம்பும் கதிரும் அதே வேகத்தில் நகரும். பத்தடி தூரத்தில் இருக்கும் சுவரில் அது மணிக்கு இரண்டரை அடிக்கு மேல் நடந்து போய்விடும். வானத்தின் பொது வெளிச்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

சாய்வுதான் இதில் முக்கியம். தரையோடு 45 பாகையில் நிறுத்தினால், உச்சியிலிருந்து இறங்கும் ஒளி கிடைமட்டமாகக் கூடத்துக்குள் பாயும். அதாவது, உட்கார்ந்திருப்பவர் கண்ணிலேயே விழும். கண்ணாடியை ஒரு பாகை சாய்த்தால் கதிர் இரண்டு பாகை திரும்பும் என்பதால், 35 பாகையாகக் குறைத்தபோது ஒளி 20 பாகை மேல்நோக்கி ஏறி மச்சில் போய் விழுந்தது. மச்சோ மரக்கட்டைகள் பாவிய பழைய மச்சு. வந்த வெளிச்சத்தை அது அப்படியே விழுங்கியது. கட்டைகளை விட்டுவிட்டு, இடைப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் வெள்ளையடித்த பிறகுதான் கூடம் முழுவதும் நிழல் விழாத மென்மையான வெளிச்சம் பரவியது. இப்போது காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை, ஊஞ்சலில் அமர்ந்து செய்தித்தாளின் சிறிய எழுத்தையும் விளக்கில்லாமல் வாசிக்க முடிகிறது. என் கருத்தில், இந்தக் கதவுகளால் கிடைத்த பயன்களில் வேறு எதுவும் இதற்கு நிகரில்லை; கண்ணாடியைச் சுவரில் மாட்டி அறையைப் பெரிதாகக் காட்டுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மதுரை ஏறக்குறைய 9.9 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நண்பகலில் சரியாகத் தலைக்குமேல் வருகிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதாலும் மதுரை அதற்கு மேற்கே 78.1 பாகையில் இருப்பதாலும், அந்த உச்சிப் பொழுது கடிகாரத்தில் 12.17 மணியை ஒட்டி அமைகிறது. சித்திரையில் அந்த நேரத்தில் முற்றத்துக்குள் வெயில் நேராக இறங்கி, கண்ணாடி வழியாக மச்சில் ஏறி, வெளிச்சத்தோடு அனலையும் கொண்டுவந்தது. "ஏப்பா, உச்சி வெயிலைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ள உக்கார வச்சிட்டியே" என்று அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. பாலிகார்பனேட் தகட்டுக்குக் கீழே இரண்டு கம்பிகளைக் கட்டி, பழைய நான்கு முழ வேட்டியைத் திரைபோல ஓட்டிவிட்டேன். பதினொன்றரைக்கு இழுத்து மூடி, ஒன்றரைக்குத் திறக்கிறோம். வேட்டி வழியே கசியும் வெளிச்சம் கூடத்துக்குப் போதுமானதாகவே இருக்கிறது.

தரையில் வைத்த கண்ணாடிக்கு அலுமினியச் சட்டத்தைத் திரும்பவும் மாட்டி, பின்பக்கம் முழுவதும் சேஃப்டி ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் அதிலேயே நிற்கும். அடியில் ரப்பர் புஷ்கள் வைத்துத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கியிருப்பதால், ஐப்பசி மழையின் சாரல் விளிம்பில் தேங்கவில்லை. துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

மாடித் தோட்டத்தில் கைப்பிடிச் சுவரோரம் ஒரு துண்டை நிறுத்தி, நிழலில் நின்ற கறிவேப்பிலைக்கு வெளிச்சம் திருப்பிப் பார்த்தேன். செடிக்கு என்ன நன்மை என்று தெரிவதற்குள் ஒரு கொண்டைக்குருவி தன் பிம்பத்தை எதிரியாக எண்ணி விடாமல் கொத்தத் தொடங்கியது. பிற்பகலில் எதிர்வீட்டுச் சன்னலிலும் கூசியது. அன்றே எடுத்துவிட்டேன். திறந்த வெளியில் பெரிய கண்ணாடி வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

புரட்டாசியில் கொலு. படிகளுக்குப் பின்னால் முழுக் கண்ணாடியை நிறுத்தினால் பொம்மைகள் இரட்டிப்பாகத் தெரியும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். நிறுத்தியபோது, விளாச்சேரியில் வாங்கிய எங்கள் மண்பொம்மைகளின் முதுகுகள்தான் வரிசையாகத் தெரிந்தன. முன்பக்கத்தில் புடவைக் கரைவரை தீட்டியிருக்கும் பொம்மைக்கும் முதுகில் ஒரே நிறப் பூச்சுத்தான். எனவே நிற்க வேண்டிய கண்ணாடியைப் படுக்க வைத்தோம். இரண்டரை அடிச் சதுரமாக வெட்டிய துண்டைச் சுற்றி அட்டையில் படிக்கட்டும், செங்காவியும் வெள்ளையும் பூசிய சுற்றுச்சுவரும், நடுவே மைய மண்டபமும் வைத்தபோது, திருமலை நாயக்கர் 1645இல் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் சாயல் கிடைத்தது. தைப்பூசத்துத் தெப்பத்தை நினைவூட்டும்படி, மீனாட்சியும் சொக்கரும் அமர்ந்த சிறிய தெப்பம் ஒன்றையும் மிதக்கவிட்டோம்.

இதில் கவனித்த ஒன்று சுவையானது. ரசம் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் இருப்பதால், மேலே வைத்த பொருளும் அதன் பிம்பமும் ஒட்டிக்கொள்வதில்லை. நடுவே நூலளவு இடைவெளி நிற்கிறது. மண்டபத்தின் அடியில் தெரிந்த அந்த இடைவெளிதான், கல் தண்ணீரில் இறங்கி நிற்பதாக நம்பவைத்தது. மற்றொன்று, குளத்தைக் கூடத்தின் நடுவே வைத்தால் மின்விசிறிதான் அதில் சுற்றும். முதற்படியை ஒட்டி நெருக்கி வைத்தால், நின்று பார்ப்பவர்களுக்கு மேற்படிப் பொம்மைகள் குளத்துக்குள் தலைகீழாகத் தெரிகின்றன. மண்டபக் கூரையின் அடிப்பக்கத்துக்கும் வண்ணம் தீட்ட வேண்டும், ஏனெனில் மேலிருந்து மறைந்திருப்பது கண்ணாடியில் தெரிந்துவிடும்.

கார்த்திகைக்காகச் செய்தது கோல விளக்கு. ஒன்றரை அடிக்கு ஓரடித் துண்டின் பின்பக்கப் பெயிண்டில், அம்மா பென்சிலால் 7 புள்ளி 4 வரை இடைப்புள்ளிக் கோலம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அந்தக் கோட்டின் வழியே, கணக்குப் பெட்டிக் காம்பஸின் முனையாலும் உடைத்த பிளேடாலும் சுரண்டினேன். முதலில் சாம்பல் நிறப் பெயிண்ட் சுருள் சுருளாக வருகிறது, பிறகு ஒரு கணம் செம்பின் நிறம் மின்னுகிறது, அடுத்த அழுத்தத்தில் வெள்ளியும் விலகி, கீழே வைத்திருக்கும் விரல் தெரிகிறது. பழைய கண்ணாடிகளின் பின்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரத் தாள்மேல் வைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து சுரண்டுவதே முறை. பின்னால் பட்டர் பேப்பர், அதற்கும் பின்னால் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டி. பகலில் அது முகம் பார்க்கும் கண்ணாடி. விளக்கைப் போட்டால் கோலம் மட்டும் எரிகிறது. எழுத்துகளைச் சுரண்டுவதானால் இடவலம் மாற்றி எழுத வேண்டும், கோலத்துக்கு அந்தக் கவலை இல்லை. கோட்டின் கனம் 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் விளக்குப் பட்டி தெரிந்து அழகைக் கெடுக்கிறது.

மீந்த சட்டம் ஒன்றில் நைலான் வலை இழுத்துப் பீடிங் வைத்து, பின்கட்டுச் சன்னலுக்குக் கொசுவலைக் கதவு ஆக்கிவிட்டேன். ரோலர்கள் நன்றாக ஓடுவதால் பழைய டிராக்கையும் சேர்த்தே பொருத்தினேன். சிறு துண்டுகளில் காபித் தட்டு செய்வதும் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அடியில் முழுவதும் ப்ளைவுட் தாங்கல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே.

ஒரு முழுக் கதவு இன்னும் வெட்டாமல் இருக்கிறது. மார்கழியில் சூரியன் நண்பகலிலேயே உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே சரிந்து நிற்பதால், முற்றத்தின் வடக்குச் சுவரில் மேலிருந்து ஒன்பது அடி வரைதான் வெயில் படுகிறது. தரைக்கு வருவதே இல்லை. அந்த ஒன்பது அடிக்குள், மேல் விளிம்பு 17 பாகை முன்னால் சாய்ந்திருக்கும்படி இந்தக் கதவைப் பொருத்தினால், வெயில் செங்குத்தாக இறங்கிக் கீழே இருக்கும் கண்ணாடியில் விழ வேண்டும். 16 கிலோவை அந்த உயரத்தில் தாங்க இரும்புச் சட்டம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடி மாதத்தில் சூரியன் வடக்கே போய்விடும்போது சுவரோடு மடக்கி வைக்கக் கீல்களும் அதில் உண்டு. சாரம் கட்ட ஆள் கிடைத்ததும் மாட்டிவிடலாம்.