பத்தரை மணிக்குத் திறக்கிற பெட்டி

காலை 6.30க்கு மூடிக் கொடுத்துவிடுகிற சாப்பாடும் 10.30க்குப் பிள்ளை திறந்து பார்க்கிற சாப்பாடும் ஒன்றல்ல. பாடசாலை 7.30க்குத் தொடங்கினாலும், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து உள்வீதிகளில் இருந்து போகிற பிள்ளை 6.30க்கே வெளிக்கிட வேண்டும். இடைவேளை பெரும்பாலும் 10.30ஐ அண்டித்தான். அந்த நாலு மணித்தியாலத்தில் புட்டு இறுகும், இடியப்பம் ஒட்டும், றொட்டி தோல்மாதிரி ஆகும், அவித்த முட்டை மணக்கும். எதையும் சாப்பிடுகிற பிள்ளை இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்கிற பிள்ளை பொறுக்காது. வீட்டில் ஆவி பறக்கத் தின்ற புட்டைப் பள்ளிக்கூடத்தில் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்தால், முதலில் பிள்ளையின் குணத்தைப் பார்க்கக் கூடாது. புட்டைப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி கட்டுங்கள். ஒன்று பிள்ளையோடு போகட்டும். மற்றதைக் குசினியில் வெக்கையான மூலையில் மூடி வையுங்கள், குளிர்சாதனப்பெட்டியில் வேண்டாம். 10.30க்கு அதைத் திறந்து, சூடாக்காமல், கையாலே சாப்பிட்டுப் பாருங்கள். மூடியைத் திறந்ததும் வருகிற மணம், விரலுக்கு ஒட்டுகிற ஈரம், தொண்டையில் அடைக்கிற வறட்சி எல்லாம் அப்போது தெரியும். எந்தப் புத்திமதியும் இந்த ஒரு பெட்டியளவுக்குச் சொல்லித் தராது.

புட்டில் இருந்து தொடங்கலாம், அதுதான் அதிகம் கட்டுகிறோம். வெந்த அரிசி மா ஆற ஆற அதன் மாச்சத்து திரும்ப இறுகும், உள்ளே பிடித்து வைத்திருந்த ஈரமும் வெளியேறும். தனிச் சிவப்பரிசி மாப் புட்டு 10.30க்குக் குறுணிக்கல் போலக் கிடப்பது இதனால்தான். பெட்டிக்கென்று அவிக்கும்போது வறுத்த அரிசி மா ஒரு சுண்டுக்கு அவித்த கோதுமை மா ஒரு சுண்டு கலவுங்கள், உப்பு அரைத் தேக்கரண்டி. கொதித்த தண்ணீரை முக்கால் சுண்டில் தொடங்கி, மா கேட்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, பேணி விளிம்பால் சின்னச் சின்னதாகக் கொத்த வேண்டும். பெரிய கட்டி நடுவில் வேகாமல் நிற்கும், ஆறினால் அதுதான் முதலில் கல்லாகும். தேங்காய்ப்பூ சேர்த்து 10 நிமிடம் அவித்து இறக்கியவுடன், ஒரு கொதி கண்ட கட்டித் தேங்காய்ப்பால் 3 மேசைக்கரண்டியைத் தெளித்துக் கிளறி, 5 நிமிடம் மூடி விடுங்கள். பாலில் உள்ள எண்ணெய் புட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் இறுக்கம் பிந்தும். அந்தச் சூட்டிலேயே தேசிக்காய் அளவில் உருண்டையாகப் பிடித்தால் உதிராது. உதிரிப் புட்டுச் சட்டையிலும் மேசையிலும் சிந்தி, ஆசிரியர் ஒருதரம் ஏசிவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை புட்டுப் பெட்டியைத் திறக்கவே யோசிக்கும். 5, 6 வயதுப் பிள்ளைக்கு நாலு உருண்டை காணும்.

முட்டைப் புட்டும் கட்டலாம். தாச்சியில் 2 தேக்கரண்டி எண்ணெய், பொடியாக வெட்டிய வெங்காயம் பாதி, வதங்கியதும் ஒரு முட்டையை உடைத்துவிட்டு, அது அரைவாசி இறுகும்போது இரண்டு கைப்பிடி புட்டைப் போட்டுப் பிரட்டுங்கள். முட்டை முழுக்க வேகும்வரை இறக்கக் கூடாது. முட்டை நன்றாக இறுகிய பிறகு புட்டைப் போட்டால் இரண்டும் தனித்தனியாகவே கிடக்கும், பிள்ளை முட்டையைப் பொறுக்கிவிட்டுப் புட்டை மிச்சம் வைக்கும்.

இடியப்பத்தோடு சொதியைப் போத்தலில் கட்டிக் கொடுக்க வேண்டாம். தேங்காய்ப்பால் வெக்கையில் புளிக்கும், போத்தல் கசிந்தால் கொப்பியும் போகும். இடியப்பத்தை ஒரு வாய்க்கு ஒன்று என்ற அளவில் சின்னதாகப் பிழிந்து, ஆறியபின் ஒவ்வொன்றாக அடுக்கினால் ஒட்டாது. சம்பலும் அப்படித்தான்: பச்சைத் தேங்காய்ப்பூவில் இடித்த சம்பல் ஆவணி வெயிலில் மத்தியானம் வரை நிற்காது. தேங்காய்ப்பூவைச் சிறு நெருப்பில் பொன்னிறமாக வறுத்து இடித்தால் நிற்கும். பிள்ளைக்கு என்றால் அரைச் செத்தல் மிளகாய் போதும், அதுவும் விதை எடுத்து.

சோறு கட்டுகிறவர்கள் செய்கிற பெரிய பிழை, ஆவியோடு மூடுவது. மூடியில் ஆவி தண்ணீராகிச் சோற்றிலேயே திரும்ப விழும், சோறு நசநசத்து, பிறகு புளிக்கும். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும். வன்னியின் கோடை வெக்கை அதற்கு நல்ல வாய்ப்பு. சோற்றில் வருகிற ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே இராச்சோற்றைத் தாளித்துக் கட்டுகிற வேலை வேண்டாம். காலையில் வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி, 10, 15 நிமிடம் விசிறி, உள்ளங்கையில் சூடு தெரியாத பிறகு மூடுங்கள். பருப்பும் கறியும் மேலே ஊற்றினால் கீழ்ச்சோறு ஊறிப் பசையாகும். கறிக்குப் பதில் ஒரு பொடி வைத்திருந்தால் காலையில் பெரிய உதவி.

கச்சான் பொடி அதற்கு நல்லது. முறிகண்டியில் வாங்கிய வறுத்த கச்சானாக இருந்தாலும் சரி, வீட்டில் மணலில் வறுத்ததாக இருந்தாலும் சரி. 100 கிராம் எடுத்துக் கசக்கித் தோலைச் சுளகில் புடைத்து நீக்குங்கள். வெறுஞ்சட்டியில் வறுத்த செத்தல் மிளகாய் பாதி, நற்சீரகம் கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்து அரையுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் கக்கிப் பசையாகும், விட்டு விட்டுத்தான் அரைக்க வேண்டும். ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டிப் பொடி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். காய்ந்த போத்தலில் ஒரு கிழமைக்குக் கெடாது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்கவே கூடாது, புரைக்கேறினால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். பொடி கொடுப்பதென்றாலும், வகுப்பில் கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று ஆசிரியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

முட்டை மணப்பது அதிகம் அவிப்பதால். மஞ்சட்கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் தெரிந்தால் அவியல் கூடிவிட்டது. தண்ணீர் கொதித்த பிறகு முட்டையை இறக்கி 10 நிமிடம், எடுத்தவுடன் பச்சைத்தண்ணீரில் போட்டு முழுக்க ஆறவிட்டு உரித்தால் அந்த மணம் பெரும்பாலும் வராது. இது சின்ன விடயம் இல்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு 'சீ, மணக்குது' என்று சொன்னால் போதும், அந்தக் கிழமை முழுக்க அந்தப் பெட்டி அப்படியே திரும்பி வரும். சின்ன வயதில் நாக்கைவிடப் பக்கத்து வாங்கின் பேச்சுப் பெரிது.

மீன் தின்னாத பிள்ளை எதைத் தின்னவில்லை என்று கவனியுங்கள். பாதிப்பேர் வெடுக்குக்கும் முள்ளுக்கும் பயந்தவர்கள், மீனின் ருசி அவர்களுக்குப் பகையில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று எங்களைச் சுற்றிக் குளங்கள் இருக்க, திலாப்பியா கிடைக்காத நாள் குறைவு. துப்புரவாக்கிய மீன் 300 கிராமில் தேசிப்புளியும் உப்பும் பிரட்டி 15 நிமிடம் வைத்துக் கழுவினால் சேற்று மணம் குறையும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, ஆறியபின் சதையை உதிருங்கள். இங்கே அவசரம் கூடாது. ஒருதரம் கண்ணால் பார்த்து முள் எடுத்து, இரண்டாம்தரம் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் நசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பினது விரலில் குத்தும். ஒரு முள் தொண்டையில் பட்டால் அந்தப் பிள்ளையைத் திரும்ப மீனுக்குக் கொண்டுவரப் பல மாதம் செல்லும். இந்தச் சதையைக் கட்லட்டாக்க, உருளைக்கிழங்கு 200 கிராமைத் தோலோடு அவியுங்கள். உரித்து வெட்டி அவித்தால் தண்ணீர் குடித்து, கட்லட் பொரிக்கும்போது பிரியும். வதக்கிய வெங்காயம், மிளகுதூள் கால் தேக்கரண்டி, கொஞ்சம் தேசிப்புளி சேர்த்துப் பிசைந்து, சின்ன உருண்டையாக்கித் தட்டையாக அமர்த்தி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் பிரட்டிப் பொரியுங்கள். 15, 16 வரும். பெரிதாக ஒன்று வைப்பதைவிடச் சின்னதாக மூன்று வைத்தால் பிள்ளை ஒன்றையாவது முடிக்கும். பொரித்ததைக் கடதாசி விரித்த சுளகில் ஆறவிட்டு அடுக்குங்கள், சூட்டோடு மூடினால் மேற்தோல் ஊறிக் கழன்றுவிடும். கடற்பக்கத்தில் சுறா கிடைத்தால் ஈரமில்லாமல் வறட்டிய சுறா வறை இதைவிட இலகு, முள்ளுப் பயமே இல்லை. மீன் வைத்த நாளில் மிச்சம் வந்தால் அது கோழிக்குத்தான். பின்னேரம் சூடாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

றொட்டிக்கு ஒரு குறிப்பு மட்டும்: கோதுமை மா 250 கிராம், தேங்காய்ப்பூ 100 கிராம், உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பச்சைத்தண்ணீருக்குப் பதில் சுடுதண்ணீர். 20 நிமிடம் ஊறவிட்டு மெல்லிசாகத் தட்டிச் சுட்டு, உடனே பருத்தித் துணியில் சுற்றினால் மத்தியானமும் கடிக்கலாம். முருங்கையிலையைப் பொடியாக அரிந்து இதில் போடலாம். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் ஒளித்துப் போடாதீர்கள். 'இதுக்குள்ள என்ன?' என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருதரம் ஏமாந்த பிள்ளை அடுத்தமுறை றொட்டியையே பிய்த்துப் பார்க்கத் தொடங்கும், அதோடு நம்பித் தின்ற ஒன்றும் கையைவிட்டுப் போய்விடும்.

புதுச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடப் பெட்டியில் அறிமுகப்படுத்தக் கூடாது. சத்தம், அவசரம், பசி, பக்கத்தில் பார்க்கிற கண்கள், எல்லாம் சேர்ந்த இடம் அது. பின்னேரம் வீட்டில், பழகிய இரண்டு சாப்பாட்டுக்குப் பக்கத்தில், பயறு அளவில் ஒரு துண்டு. தொட்டாலும் சரி, மணந்துவிட்டு வைத்தாலும் சரி. 8 தரம், 10 தரம், சிலருக்கு 15 தரம் கண்ட பிறகுதான் வாயில் போவார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் தரத்தோடு 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். என்ன வைப்பது என்பது எங்கள் கையில், எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் கையில். வாய்க்குள் திணித்தால் அந்தச் சாப்பாட்டின்மேல் வெறுப்புத்தான் மிஞ்சும்.

திரும்பி வருகிற பெட்டியை ஏசாமல் திறந்து பாருங்கள், அதில் விபரம் இருக்கும். ஒரு கடி கடித்துவிட்டு வைத்திருந்தால் உறைப்போ இறுக்கமோ காரணம். பிடித்த பண்டமும் சேர்ந்து அப்படியே கிடந்தால் நேரம் போதவில்லை, அல்லது மூடி திறக்கவில்லை, அல்லது சுகமில்லை. நடுவில் மட்டும் தின்று ஓரம் கிடந்தால் அளவு கூடிவிட்டது. நாலு நாள் இப்படிப் பார்த்துக் குறித்தால் என்ன மாற்றுவது என்று தானாகத் தெரியும். பாடசாலையில் உணவு கொடுக்கிற வகுப்பென்றால் அது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், அதற்கு அரை மணித்தியாலம் முந்தி முழுச்சோறு கட்டிக் கொடுப்பதில் பயனில்லை. விடியப்புறம் ஒரு பெரிய கோப்பைத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கும் பசி மழுங்கும். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தேத்தண்ணி குறைக்கும். சாப்பாட்டோடு ஒரு துண்டுக் கொய்யாவோ தோடம்பழச் சுளையோ இருந்தால் அந்தச் சத்து கூடுதலாகச் சேரும். வாழைப்பழத்தை உரிக்காமல் முழுதாக வையுங்கள். வெட்டிய பப்பாசி தண்ணீர் விட்டுப் பக்கத்துச் சாப்பாட்டையும் நனைக்கும், அதற்குத் தனிப் பெட்டி வேண்டும்.

பெட்டி வாங்கும்போது பிள்ளையையே திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். இறுக்கமான கொளுக்கிப் பெட்டி பெரியவர்களுக்கு நல்லது, 5 வயது விரலுக்கு வராது. மூடியின் உள்வளையமாக இருக்கிற றப்பரைக் கழற்றி, அந்தப் பள்ளத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். கழுவின பெட்டியும் மணக்கிறதென்றால், நேற்றைய கறி அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டிலும் இரவே செய்து வைக்கக்கூடிய வேலை உண்டு: வறுத்த மாவை அளந்து மூடி வைப்பது, பயறு ஊறப்போடுவது, கீரையைக் கழுவித் துணியில் சுற்றுவது, கிழங்கைக் கழுவித் துடைத்து வைப்பது. தேங்காயை மட்டும் இரவே துருவ வேண்டாம். விடியப்புறம் பாதித் தேங்காய் துருவ ஐந்து நிமிடம் காணும்.