திரும்பிய ஃப்ளாட் தந்த தலைவலி

ஒரே ஸ்கோரில் (இசைத்தாளில்) கால் தொனியும் (அரைத்தொனியில் பாதி) துருக்கி மகாமின் (அங்குள்ள ராக முறையின்) கோமாவும் (அதைவிட நுண்ணிய சுருதி அளவு) சேர்ந்து வந்தால், அவற்றுக்கு இசை ஃபான்டில் புதுக் குறி செய்யும்போது முதல் சறுக்கல் குறியை வரைவதில் இல்லை, அர்த்தத்தில்தான். கால் தொனிக்கான ஸ்டைன்-சிம்மர்மன் முறையில் முகம் திரும்பிய ஃப்ளாட் (சுருதியை இறக்கும் குறி) 50 சென்ட் இறக்கம்; அரைத்தொனியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். துருக்கியின் அரெல்-எஸ்கி-உஸ்திலெக் முறையில் அதே வடிவம் ஒரு கோமா, அதாவது சுமார் 22.6 சென்ட்தான். கிளாரினெட்காரர் ஒன்றாகப் படித்தார், கானூன் என்ற தந்திக் கருவிக்காரர் வேறாகப் படித்தார். இருவர் மேலும் தப்பில்லை, ஒத்திகை மட்டும் போயிற்று. போதாக்குறைக்கு, துருக்கி முறையில் சாதாரண ஃப்ளாட் 5 கோமா, சாதாரண ஷார்ப் (சுருதியை ஏற்றும் குறி) 4 கோமா.

சரி, அம்புக்குறி போட்டுவிடலாம் என்றால் அதற்கும் இரண்டு சொந்தக்காரர்கள். கால் தொனி எழுதுவோருக்கு அம்பு 50 சென்ட். சுருதியை விகிதங்களால் குறிக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ்-எல்லிஸ் முறையில் அது 81/80 விகிதம், 21.5 சென்ட். கடைசியில் கோமாவுக்கு, ஃப்ளாட்டின் தண்டைக் கீழே கொஞ்சம் நீட்டி, இடப்பக்கம் ஒற்றைச் சிறகு வைத்ததுதான் நின்றது. சாஜிட்டல் என்ற நுண்சுருதிக் குறிமுறையிலும் இடப்பக்க ஒற்றைச் சிறகு அம்பு 21.5 சென்ட்டுக்குத்தான் என்பதால், அது தெரிந்தவர் குழம்பமாட்டார்.

வரைந்தது அரை மணி நேரம். திருத்தியது மூன்று நாள். முதல் வடிவத்தில் சிறகின் மேல்விளிம்பு கிடைமட்டமாக, நோட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு இடைவெளி (ஸ்டாஃப் எனும் ஐந்து கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவிலான தூரம்) கீழே இருந்தது. நோட்டு இரு கோடுகளுக்கு நடுவே உட்கார்ந்தபோது சிறகு அழகாகத் தெரிந்தது. நோட்டு கோட்டின்மேல் ஏறியதும் சிறகு அடுத்த கோட்டோடு ஒட்டிக் காணாமலே போய்விட்டது, மிச்சம் வெறும் நீளத்தண்டு ஃப்ளாட். ஃப்ளாட், ஷார்ப் போன்ற எந்த ஆக்சிடென்டலிலும் கிடைமட்ட விளிம்பு வேண்டாம், சாய்த்துவிடுங்கள். பிராவுரா என்ற இசை ஃபான்டில் ஸ்டாஃப் கோட்டின் தடிமன் 0.13 இடைவெளி, சிறகு குறைந்தது 0.2 இருக்கட்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்படவே கூடாது. 7 மி.மீ. ஸ்டாஃபில் அச்செடுத்து, ஸ்டாண்டில் வைத்து, முக்கால் மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஒருமுறை ஜெராக்ஸும் எடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் அதிலிருந்துதான் வாசிக்கிறார்கள்.

ஃபான்ட் செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் அளவு எளிது: இசை ஃபான்ட்களுக்கான எஸ்மஃபுல் தரப்படி ஸ்டாஃபின் முழு உயரம் ஒரு எம் (ஃபான்டின் அடிப்படை அளவு). எம் 1000 அலகு என்றால் ஒரு இடைவெளி 250. அடிக்கோடு, அதாவது பூஜ்யம், நோட்டின் நடுமையத்தில் வரவேண்டும். இதை எழுத்து ஃபான்ட் மாதிரி நினைத்து ஃப்ளாட்டின் அடிமுனையைப் பூஜ்யத்தில் வைத்தால், குறி முக்கால் இடைவெளி மேலே ஏறி அடுத்த ஸ்வரத்துக்குப் போட்டதுபோல் நிற்கும். இரு ஓரங்களிலும் வெற்றிடம் பூஜ்யம். அழகுக்காக விட்ட 60 அலகு, கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) நான்கு குறிகள் அடுக்கியதும் பல்லிளித்தது.

இன்னொரு வேடிக்கை: சிறகும் தண்டும் சேரும் இடம் மட்டும் வெள்ளையாக அச்சானது. இரண்டு பாதைகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றியதுதான் காரணம். முதலில் 'கரெக்ட் டைரக்‌ஷன்', பிறகு 'ரிமூவ் ஓவர்லேப்'. வரிசை மாறினால் ஓட்டை நிரந்தரமாகிவிடும்.

குறிக்கு யூனிகோட் எண் தரும்போது யு+எஃப்400-க்கு மேலே போங்கள், கீழே உள்ளவை எஸ்மஃபுலுக்கே. பிராவுராவை அடிப்படையாக எடுத்தால் உரிமம் அனுமதிக்கும், ஆனால் அதே பெயரில் வெளியிட முடியாது. பெயர் மாற்றுவது நமக்கும் நல்லது, இல்லையென்றால் மென்பொருள் பழைய ஃபான்டையே காட்டிக்கொண்டிருக்கும். ஃபான்டோடு வரும் ஜேசன் விவரக் கோப்பில், காலி மூலைகளைச் சொல்லும் 'கட்அவுட்' புள்ளிகளை விட்டுவிட்டால், ஃப்ளாட்டின் வலப்பக்க மேல்மூலை காலியாக இருந்தும் குறிகள் விலகியே நிற்கும்.

இசை எழுதும் மென்பொருளான டொரிகோவில் ஒலிக்கு ஒரு ஸ்தாயியை 24 பிரிவாக எடுத்தால் கோமா கிடைக்காது. 53 எடுத்தால் 50 சென்ட் கிடைக்காது, இரண்டு கோமா 45.3தான். 1200 பிரிவு வைத்து, முழுத்தொனிக்கு 200, அரைத்தொனிக்கு 100 என்று கொடுத்தோம். கோமா 23, கால் தொனி 50. அதற்குப் பிறகும் ஒலி மாறவில்லையா? குறியைக் கிளறாதீர்கள், வாசிக்கும் வி.எஸ்.டி. (மென்பொருள்) கருவிக்கு நுண்சுருதி தெரியுமா என்று பாருங்கள்.