திரையைப் பார்க்கப் போன கதை

படம் மே மாதம்தான் வருகிறது. நான் ஜனவரியிலேயே தியேட்டரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மண்டபம் பார்த்துவிட்டு வருவதில்லையா, அது மாதிரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

படம் ‘தி மேண்டலோரியன் அண்ட் குரோகு’. ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் பட வரிசையில் 2019 டிசம்பருக்கு அப்புறம் திரையரங்குக்கு வரும் முதல் படம். 2026 மே 22 என்று தேதி குறித்திருக்கிறார்கள். தியேட்டர், ஆந்திர எல்லை தாண்டியதும் வரும் சூலூர்பேட்டையில் இருக்கிற வி எபிக். 2019 ஆகஸ்டில் ‘சாஹோ’வோடு திறந்தது. திரை ஏறத்தாழ 100 அடி அகலம். எபிக் என்பது பெரிய திரைக்கான தொழில்நுட்பம், நம் சென்னை க்யூப் நிறுவனத்துடையது. அந்தத் திரைக்காகவே சென்னையிலிருந்து போய்ப் படம் பார்த்து வரும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அங்கே மாமா வீடும் இருக்கிறது.

சென்ட்ரலில் அவசரமாக ஏறிய வண்டி கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிட்டது. பலகையைப் படிக்காமல் ஏறியது என் தப்பு. ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தில் வேர்க்கடலை கொறித்துவிட்டு அடுத்த வண்டி பிடித்தேன். எளாவூர், ஆரம்பாக்கம். அதற்கப்புறம் தடா, பெயர்ப்பலகையில் தெலுங்கு முன்னுக்கு வந்துவிடுகிறது. ஆனால் பெட்டிக்குள் எதுவும் மாறவில்லை. எதிர் சீட்டு அம்மா போனில் “ஆ, ஒஸ்துன்னா” என்று வைத்துவிட்டு, அடுத்த அழைப்பில் “வந்துட்டேன்டி, உலை வை” என்றார். இந்தப் பக்கத்து ஊர்களில் மொழி என்பது யார் போன் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மாமா வீட்டில் பழவேற்காட்டு ஏரி இறால் தொக்கும் கோங்குரா பச்சடியும் தயாராக இருந்தன. வந்த காரணத்தைச் சொன்னதும் மாமா கை கழுவாமலே கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

“1977இல் முதல் படம் வந்தது மாமா. ஆனா அது நாலாம் பாகம்.”

“அவுனா? அப்ப ஒண்ணாவது?”

“அது 1999இல்.”

“சரி, கதை?”

“வில்லன்தான் அப்பான்னு பையனுக்கு ரெண்டாவது படத்துலதான் தெரியும்.”

“கர்ணன் கதைடா இது. அங்க அண்ணன் தம்பி, இங்க அப்பா பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சின்ன வயதில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர். அவரிடம் இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

சாயங்காலக் காட்சிக்குப் போனேன். ஓடிக்கொண்டிருந்தது ஒரு தெலுங்குப் படம். எனக்கு வேண்டியது படமல்ல, இருக்கை. முதல் பாதியை முன்வரிசைப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். ஹீரோ காரிலிருந்து காலை எடுத்து வைக்கிறார், அந்த ஷூ மட்டுமே எங்கள் வீட்டு வரவேற்பறை அளவு இருந்தது. முகத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. இடைவேளைக்குப் பின் நடுவுக்கும் கொஞ்சம் மேலே காலியாக இருந்த ஓர் இருக்கைக்கு மாறினேன். திரை முழுசாகக் கண்ணுக்குள் வந்தது. இதுதான் என்று குறித்துக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்து யோசித்ததெல்லாம் 1977 படத்தின் தொடக்கத்தைத்தான். மஞ்சள் எழுத்துகள் மேலே ஏறி மறையும். ஒரு சின்னக் கப்பல் தப்பி ஓடும். அதைத் துரத்திக்கொண்டு தலைக்கு மேலாகப் பெரிய கப்பல் ஒன்று வரும், வந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது. இதை நான் 21 இஞ்ச் டிவியில், கீறல் விழுந்த சிடியில் பார்த்தவன். நூறடித் திரையில் அப்படி ஒன்று கடந்தால் எப்படியிருக்கும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

புதுப் படத்தைப் பற்றிப் பயமும் உண்டு. 2019 படம் செத்த வில்லனை எழுப்பிக் கொண்டுவந்து, எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்து, யாருக்கும் நிறைவில்லாமல் முடிந்தது. புதுப் படத்துக்கு மூலமான மேண்டலோரியன் தொடர் அதற்கு நேர்மாறு: ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு கூலி வேட்டைக்காரன், 50 வயதாகியும் கைக்குழந்தையாகவே இருக்கும் குரோகு என்ற பச்சை ஜீவன், அவ்வளவுதான். அந்த ஜீவன் பெரும்பாலும் நிஜ பொம்மை, ஆட்கள் மறைந்திருந்து ஆட்டுகிறார்கள். அதனால்தான் அது காதை அசைத்தாலே நமக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் மூன்று சீசன் ஓடிய கதை, திரைக்கு வந்ததும் நீளமான இன்னொரு எபிசோடாகிவிட்டால்? இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ தொடரை உருவாக்கியவரே என்பது தைரியமா, கவலையா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை.

மறுநாள் காலை காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மா கோயிலுக்கு மாமா கூட்டிப் போனார். 2023இல் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலம் கிளம்புவதற்கு முன் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் கும்பிட்ட கோயில். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரிக்குள் நேராக நீள்கிறது. இருபுறமும் ஆழமில்லாத தண்ணீர், தூரத்தில் கோடு கிழித்தாற்போல் பூநாரைக் கூட்டம்.

அந்த வருடம் ஜூலை 14, சந்திரயான்-3 கிளம்பியதை மாமா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். மதியம் 2:35. மரங்களுக்கு மேல் ஒரு நெருப்பு எழும்பியது, சத்தமே இல்லை. தெருவே அண்ணாந்து நின்றது. ஏவுதளம் அங்கிருந்து 20 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் ஓசை வந்துசேர ஒரு நிமிடம் ஆகும். ராக்கெட் மேகத்துக்குள் போன பிறகுதான் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காற்றே இல்லாத விண்வெளியில் ஸ்டார் வார்ஸ் கப்பல்கள் உறுமுவதைக் கிண்டல் செய்யும் நண்பர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சத்தம் பிந்தி வந்த அந்த ஒரு நிமிடத்தில் எனக்கும் மனசுக்குள் ஓர் உறுமல் கேட்டது.

மே மாதம் பெரிய திரை கிடைக்குமா என்பது அப்போது எந்தத் தெலுங்கு ஹீரோ படம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. கோடை விடுமுறையில் அவர்களைத் தாண்டி வேற்றுக்கிரகவாசிக்கு இடம் கிடைப்பது கஷ்டம்தான். ஸ்டேஷனுக்கு வண்டியில் கொண்டுவிடும்போது மாமா கேட்டார்.

“அந்தப் பச்சைக் குட்டி என்ன பாஷை பேசும்? தெலுங்குல விடுவானா?”

“தொடர்ல அது பேசவே பேசாது மாமா. கூ, கான்னு ஏதோ சத்தம் மட்டும்தான்.”

“அப்ப எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுடு” என்றார்.