காம்ப்ஸ் ஓரல்: தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

போன வியாழக்கிழமை காம்ப்ஸ் (பிஎச்டி தகுதித் தேர்வு) ஓரலில், அதாவது வாய்மொழித் தேர்வில், பாஸ் ஆகிவிட்டேன். இது இரண்டாவது முயற்சி. முதல் தடவை எழுத்துத் தேர்வு நன்றாகத்தான் போனது, ஓரலில் விழுந்தேன். கமிட்டியில் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி ஆறு மாதமாகக் காதிலேயே நின்றது. என் பகுதி 1790 முதல் 1840 வரையான அமெரிக்க இலக்கியம், அதற்குள் பெண்களின் எழுத்தும் புத்தகப் பதிப்பும். இதே பகுதியை எடுத்திருக்கும் நம் ஆட்கள் சிலர் கேட்டார்கள், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரீடிங் லிஸ்ட் போடுவது, கமிட்டி பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் ஓரலில் லிடியா மரியா சைல்டின் 'ஹோபோமோக்' நாவலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவு) அப்பா, பூர்வகுடி மனிதரை மணக்கும் வெள்ளைக்காரப் பெண், அந்தக் கல்யாணத்தை நாவல் கடைசியில் எப்படிக் கழற்றிவிடுகிறது என்று. மோசமாகப் பேசவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முடித்ததும் அந்தக் கமிட்டிக்காரர் கேட்டார், "சரி, இதை அச்சடிக்கக் காசு போட்டது யார்?" டிக்னர் என்ற பெயர் மட்டும் மண்டையில் இருந்தது. பதிப்பாளர் டிக்னர் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

உண்மை இதுதான். 1824-இல் பாஸ்டனில் வந்த அந்த நாவலின் தலைப்புப் பக்கத்தில் 'ஓர் அமெரிக்கர்' என்று மட்டும் இருக்கும், எழுதியது பெண் என்று கூடத் தெரியாது. அச்சுச் செலவு அந்த 22 வயதுப் பெண்ணின் தலையில். விற்பனை படுத்தபோது அவர் உதவி கேட்டுக் கடிதம் எழுதியது ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டிக்னருக்கு. பதிப்பாளர் டிக்னர் வேறு ஆள், வில்லியம் டிக்னர், 1810-இல் பிறந்தவர், அப்போது சின்னப் பையன். அவர் பெயர் சைல்டின் புத்தகத்தில் வருவது 1833-இல், அடிமைமுறையை எதிர்த்து சைல்ட் எழுதிய 'அப்பீல்' ஆலன் அண்ட் டிக்னர் வெளியீடாக வந்தபோதுதான். இரண்டு டிக்னரையும் இரண்டு தனிக் குறிப்பு அட்டையில் எழுதி வையுங்கள், தயவுசெய்து.

இனி நான் சொல்லப்போவதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டாலும் போதும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் பதிப்பின் ஸ்கேனைத் திறங்கள். ஹாத்திட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இணைய நூலகங்களில் பெரும்பாலும் கிடைக்கும். தலைப்புப் பக்கத்தைப் படித்துவிட்டு அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். 1802-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காப்புரிமைப் பதிவைப் புத்தகத்திலேயே அச்சிட வேண்டும். 1831 வரை வந்த புத்தகங்களில் மாவட்ட நீதிமன்ற எழுத்தரின் பெயரில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். சுதந்திரத்தின் இத்தனையாம் ஆண்டில், இன்னார் இந்தத் தலைப்பைப் பதிவு செய்தார், உரிமையை 'ஆசிரியராக'க் கோருகிறார், அல்லது 'உரிமையாளராக'க் கோருகிறார் என்று. அந்த ஒரு சொல்தான் சாவி. 'உரிமையாளர்' என்று பதிப்பாளர் பெயர் இருந்தால் உரிமை எழுதியவர் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். முன்பக்கம் பெயரை மறைத்தாலும் பின்பக்கம் பணம் யார் பக்கம் நின்றது என்று காட்டிக்கொடுக்கும். நான் இரவு பதினொரு மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து இதைத்தான் செய்தேன், ஒரு நாளைக்கு நான்கு புத்தகம். குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவே இல்லை. உங்களுக்கு ஒத்துவந்தால் படியுங்கள், ஆனால் இந்த வேலையை நண்பரிடம் தள்ளிவிடாதீர்கள், கண்ணால் பார்த்தால்தான் நிற்கிறது.

ஆசிரியர் வரிசையை விட்டுவிட்டு 'யார் காசு, யார் பெயர்' என்று அட்டைகளை மாற்றி அடுக்கினேன்:

- சூசன்னா ரோசன், 'ஷார்லட்'. 1791 லண்டன், 1794 ஃபிலடெல்ஃபியாவில் பதிப்பாளர் மேத்யூ கேரி. ('ஷார்லட் டெம்பிள்' என்ற தலைப்பு 1797-இல்தான், ஆண்டு வரிசை சொல்லும்போது இங்கேதான் இடறும்.) 50,000 பிரதிக்கும் மேல் போயிருக்கும் என்று 1812-இல் கேரியே அவருக்கு எழுதினார். லண்டனில் முதலில் வந்த புத்தகத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடித்தார்கள்.
- ஹன்னா வெப்ஸ்டர் ஃபாஸ்டர், 'த கொக்வெட்', 1797. 'மாசசூசெட்ஸ் சீமாட்டி ஒருவர்'. அவர் பெயர் தலைப்புப் பக்கத்தில் ஏறியது 1866-இல். அவர் இறந்தது 1840.
- கேத்தரின் மரியா செட்ஜ்விக். 'ரெட்வுட்' 1824, பெயர் இல்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் எழுதியதாகப் போட்டுவிட்டார்கள். 'ஹோப் லெஸ்லி' 1827, 'ரெட்வுட் ஆசிரியர்' என்ற அடையாளத்தோடு. பெயரே இல்லாமல் பெயர் சம்பாதித்தவர் என்று ஓரலில் சொன்னேன், தலையாட்டினார்கள்.
- சாரா ஜோசஃபா ஹேல். 1822-இல் கணவர் இறந்து ஐந்து குழந்தைகளோடு நின்றவர். அடுத்த வருடம் கவிதைத் தொகுப்பு வர உதவியது கணவர் இருந்த ஃப்ரீமேசன் சங்கத்தார். 1828-இல் பாஸ்டனில் பத்திரிகை ஆசிரியர்.

சட்டத்தைத் தனிப் பாடமாக வைக்காதீர்கள். அன்றைய கவர்ச்சர் (மனைவியின் சட்ட உரிமை கணவனுக்குள் அடங்கிவிடும் விதி) முறைப்படி கல்யாணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, சம்பாத்தியமும் கணவனுடையதாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், கல்யாணமே செய்துகொள்ளாத செட்ஜ்விக்கும், கடன்கார வக்கீலை 1828-இல் மணந்து அடுத்த வருடமே 'த ஃப்ரூகல் ஹவுஸ்வைஃப்' எழுதி வீட்டை ஓட்டிய சைல்டும் ஒரே நிலைமையில் எழுதவில்லை என்பது தானாகப் புரியும். அந்தச் சமையல், சிக்கனப் புத்தகம் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பு கண்டது. அதே சைல்ட் 'அப்பீல்' எழுதியதும் அவர் நடத்திய சிறுவர் பத்திரிகைக்குச் சந்தாக்கள் ரத்தாகி, 1834-இல் அதை விட வேண்டியதாயிற்று. பாஸ்டன் அதீனியம் நூலகமும் கதவைச் சாத்தியது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

செய்யக் கூடாதவை:
- 1850-களை வைத்து 1820-களைப் பேசாதீர்கள். பெண் எழுத்தாளர்களைப் பற்றி நாவலாசிரியர் ஹாதார்ன் எரிச்சலோடு எழுதிய கடிதம் 1855. எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.
- அமெரிக்காவில் சர்வதேசக் காப்புரிமை 1891 வரை இல்லை. ஆங்கிலேய நாவலை இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம் என்றால் உள்ளூர்ப் பெண்ணுக்கு எந்தப் பதிப்பாளர் காசு கொடுப்பார்? எந்தக் கேள்விக்கும் இதை ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள்.
- புத்தகத்தில் சந்தாதாரர் (முன்கூட்டியே வாங்க ஒப்புக்கொண்டவர்கள்) பட்டியல் இருந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டாவது ஓரலில் அதே ஆள், அதே கேள்வி, வேறு புத்தகம். ஜரீனா லீ, கறுப்பினப் பெண் பிரசங்கி, 1836-இல் ஃபிலடெல்ஃபியாவில் வந்த தன்வரலாறு. "இதற்குக் காசு போட்டது யார்?" அவரேதான், ஆயிரம் பிரதிக்கு 38 டாலர், விவரம் அவர் பிற்பாடு விரிவாக்கிய பதிப்பில் அவர் வாயாலேயே இருக்கிறது, பிரார்த்தனைக் கூட்டங்களில் தானே விற்றார் என்றேன். கேள்வி கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த கேள்விக்குப் போகலாம்" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

அட்டைகள் மொத்தம் 64. கையெழுத்து சுமார்தான், வேண்டுமென்றால் படமெடுத்து அனுப்புகிறேன்.