கட்டிலுக்கு முன்னால் வந்த கூலர்

"கூலர் இருந்தால் எடுத்து வாருங்கள்" என்று எதிர்வீட்டுப் பெண்மணி சொன்னபோது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கூலர் என்றால் எனக்குத் தெரிந்தது ஜன்னலோரம் உட்கார்ந்து உறுமிக்கொண்டே ஈரக்காற்றை வீசும் பெட்டிதான். காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கப் போகும் இடத்துக்கு அது எதற்கு, மின்சாரத்துக்கு எங்கே போவது என்று அன்று இரவு நானும் கணவரும் வெகுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்தப் பெண்மணியிடமே கேட்டிருக்கலாம். ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கேள்விதான் என்று ஏதோ ஒரு ரேஷன் உண்டு. அன்றைய பங்கை எந்தக் குப்பை எந்த நிறத் தொட்டியில் என்பதிலேயே தீர்த்துவிட்டிருந்தோம்.

மறுநாள் காலை அவரே புரிந்துகொண்டு, பின்கட்டில் சும்மா கிடந்த ஒரு நீலப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐஸ் பெட்டி! அவ்வளவுதான் விஷயம்.

முதல் பயணம் இரண்டு இரவு. கடையில் வாங்கிய பானங்கள், தண்ணீர் பாட்டில்கள், பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் வாங்கிய சூட்டோடு அடுக்கி, மேலே இரண்டு பை ஐஸைக் கொட்டி மூடினேன். போன இடத்தில் உட்கார நாற்காலி போதவில்லை என்று அதை வெயிலில் இழுத்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டோம். இரண்டாம் நாள் காலை திறந்தால், முட்டை அட்டை கஞ்சியாகி, இறைச்சிப் பொட்டலம் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டால் இறைச்சியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். 32 டிகிரியைத் தாண்டிய வெயிலென்றால் ஒரு மணி நேரம்தான் கெடு. எங்களுடையது எத்தனை மணி நேரம் நீந்தியதோ, எறிந்தோம். எதிர்வீட்டாரின் கனத்த வெள்ளைப் பெட்டியிலோ மூன்றாம் நாள் காலையிலும் ஐஸ் கட்டியாகவே இருந்தது. அதை என் கணவர் எட்டிப் பார்த்த பார்வையிலேயே அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த மாதமே வாங்கிவிட்டார். ஒரு பெட்டி. அந்த விலைக்கு நீலப் பெட்டியைப் போல எட்டு வாங்கலாம். காலியாக இருக்கும்போதே பத்து கிலோ. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"நமக்கு இன்னும் கட்டில் வாங்கவில்லை, தெரியுமில்லையா?" என்றேன். அப்போது நாங்கள் தரையில் மெத்தை போட்டுத்தான் படுத்துக்கொண்டிருந்தோம்.

"கட்டில் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இது வாழ்நாள் பொருள்" என்றார்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எல்லோரும் எங்கே முகாம் போட்டோம், எந்த ஏரியில் குளித்தோம் என்று பேசிக்கொள்வார்களாம். இவர் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவாராம். அந்தப் பேச்சுக்குள் நுழைய ஒரு டிக்கெட் வேண்டியிருந்தது. அது பத்து கிலோ எடையில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது வேலை இல்லை. பதினோரு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். என் சான்றிதழ்கள் இங்கே செல்லுமா என்று எங்கோ ஒரு மேசையில் பரிசீலனையில் இருந்தன. காலையில் எல்லோரும் கிளம்பிப் போனபின் வீட்டில் நானும் அந்த இரண்டு பெட்டிகளும் மட்டும். நீலப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எதிர்வீட்டுப் பெண்மணி, "இங்கே இருந்தால் இடத்தைத்தான் அடைக்கும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டிருந்தார். ஒரு நாள், பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

இரண்டு பெட்டிகளிலும் பத்து பத்து கிலோ ஐஸ் போட்டு, பால்கனி நிழலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காலையும் மாலையும் உருகிய நீரை வடித்துச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதினேன். மாணவர்கள் சொதப்பாத முதல் பரிசோதனை இதுதான். நீலப் பெட்டியில் முதல் நாள் ஐந்து கிலோவுக்குச் சற்றுமேல் உருகியது. இரண்டாம் நாள் இரவு உள்ளே வெறும் தண்ணீர். பெரிய பெட்டியில் முதல் நாள் 2.9 கிலோ, அடுத்த நாள் 2.4, நான்காம் நாள் மாலை ஒரு கைப்பிடி ஐஸ் மிச்சம். முதல் நாள் மட்டும் ஏன் அதிகம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பெட்டியின் தடித்த சுவரே அறைச் சூட்டிலிருந்து குளிர வேண்டும், அந்தச் செலவும் ஐஸின் கணக்கில்தான் சேரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பயணத்துக்கு முந்தைய இரவே கொஞ்சம் ஐஸைப் போட்டுப் பெட்டியைப் பழக்கிவைக்கிறார்கள்.

ஆக, விலை எட்டு மடங்கு, ஐஸின் ஆயுள் இரண்டு மடங்கும் சொச்சமும். கணவரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். "இரண்டு மடங்கு என்பது குறைவா?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

ஐஸின் வலிமை அதன் உள்ளுறை வெப்பத்தில், அதாவது சூடு ஏறாமலே உருகுவதற்கு மட்டும் அது விழுங்கும் வெப்பத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் 1760களிலேயே இதை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறார். ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பம், உருகிவந்த அந்த ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை கொண்டுபோய்விடும். இதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முதல் பயணத்துக்குப் பிரேதப் பரிசோதனை செய்தேன். 330 மில்லி பானம் ஒரு டஜன், கிட்டத்தட்ட நான்கு கிலோ. 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு அதைக் கொண்டுவரவே 1.3 கிலோ ஐஸ் காலி. தண்ணீர் பாட்டில் லிட்டருக்கு மூன்றில் ஒரு கிலோ. நான் அடுக்கிவைத்த சாமான்களே கொட்டிய ஐஸில் பாதியைப் பெட்டி வண்டியில் ஏறும் முன்பே தின்றுவிட்டிருந்தன.

இன்னொன்றும் தெரிந்தது, இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போன முடிவு. அந்தப் பயணம் முழுவதும் "மூடியைத் திறக்காதே, திறக்காதே" என்று அவர்களைக் கத்திக்கொண்டே இருந்தேன். பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி வெளிக்காற்று புகுந்தாலும் அது வெறும் நாற்பது கிராம் காற்று. அதையும் அதிலிருக்கும் ஈரத்தையும் குளிர்விக்கப் பத்து கிராம் ஐஸுக்குள் முடிந்துவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலை உள்ளே வைப்பது, மூடியைச் சட்டென்று முப்பது, நாற்பது முறை திறந்து மூடுவதற்குச் சமம். திறந்துவைத்துவிட்டு நின்று யோசிப்பது வேறு, அதற்கு மன்னிப்பு கிடையாது. ஆனாலும் பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

விலை உயர்ந்த பெட்டியில் பணம் எங்கே போகிறது என்றும் தேடிப் பார்த்தேன். பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் இட்டு, சூளையில் அந்த அச்சை இரண்டு திசைகளிலும் சுழற்றி உருக்கி, ஒட்டே இல்லாத ஒற்றை ஓடாக எடுக்கிறார்கள். இடையில் பாலியூரித்தேன் நுரையைச் செலுத்துகிறார்கள். மூடியிலும் அதே நுரை, விளிம்பில் ரப்பர் பட்டை. மலிவான பெட்டிகள் பலவற்றில் மூடி வெறும் கூடு. விளிம்பில் ரப்பர் பட்டை. இந்த வகைப் பெட்டியைப் பிரபலமாக்கிய யெட்டி நிறுவனத்தை 2006இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் தொடங்கியவர்கள் ராய், ரயன் சைடர்ஸ் என்ற சகோதரர்கள். மீன்பிடிப் படகில் கூலர்மேல் ஏறி நின்றால் மூடி உள்வாங்கிக்கொள்கிறதே என்பதுதான் அவர்களுடைய புகார். படித்ததும் சிரித்துவிட்டேன். ஏறி நின்று மீன் பிடிக்க உருவான உறுதிக்கு, வாழ்நாளில் தூண்டில் பிடிக்காத நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்.

கரடிக் கதையும் உண்டு. "கரடி தாங்கும்" என்ற முத்திரை எங்கள் பெட்டியிலும் இருக்கிறது. அமெரிக்காவில் இதைச் சோதிக்கும் இடம் மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் இருக்கிறது. உணவு வைத்த பெட்டியை நிஜக் கரடிகளிடமே கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கடித்தும் குதித்தும் அவை உள்ளே நுழைய முடியாவிட்டால் தேர்ச்சி. (எனக்கு அங்கே தேர்வுக் கண்காணிப்பாளர் வேலை கிடைத்தால் உடனே போய்ச் சேருவேன்.) முத்திரையின் கீழே பொடி எழுத்தில் இருப்பதைக் கணவர் படிக்கவில்லை: ஓரத்துத் துளைகளில் பூட்டு மாட்டினால்தான் அந்தச் சான்று செல்லும். பூட்டு தனியாக வாங்க வேண்டும்.

இரண்டாவது பயணத்துக்கு இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டோம். பானங்களை முந்தைய நாளே குளிர்பதனப் பெட்டியில் குளிரவைத்து நீலப் பெட்டியில் போட்டேன். பாலும் இறைச்சியும் பெரிய பெட்டியில், தண்ணீர் படாத டப்பாக்களில். பை ஐஸுக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து எடுத்துக்கொண்டேன். பெரிய கட்டி மெதுவாக உருகும், உருகினால் குடிக்கலாம். நீலப் பெட்டிக்குப் பழைய யோகா விரிப்பு ஒன்றைச் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். பார்க்க அடிபட்டுக் கட்டுப் போட்ட நோயாளி போல இருந்தது. மர நிழல் நகர நகரப் பெட்டிகளையும் நகர்த்தினோம். நீலப் பெட்டியில் கரைந்து நின்ற நீரையும் நான் வடிக்கவில்லை. அதுவும் கிட்டத்தட்ட 0 டிகிரியில்தான் இருக்கிறது, கொட்டினால் அந்த இடத்தை நிரப்பப்போவது வெளிக்காற்று. மூன்றாம் நாள் மதியம்வரை நீலப் பெட்டியில் ஐஸ் மிதந்தது. அது தனியாக வந்திருந்தாலும் அந்தப் பயணத்துக்குப் போதும் என்று நான் சொன்னபோது, கணவர் அடுப்பை ஊதுவதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

பெரிய பெட்டிக்கும் அதன் நாள் வந்தது. மூன்றாம் ஆண்டு ஐந்து இரவுப் பயணம், நல்ல கோடை, ஐஸ் கிடைக்கும் கடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். நடுவில் ஒரே ஒரு முறைதான் ஐஸுக்குப் போனோம். நீலப் பெட்டியென்றால் விடுமுறையில் பாதி சாலையிலேயே போயிருக்கும். வருடத்தில் இப்படி நான்கைந்து பயணம் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு இரவு போகிற புதுக்குடித்தனத்துக்கு வேண்டாம். முதலில் கட்டில் வாங்குங்கள். எங்கள் வீட்டில் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

போன மாதம் கீழ்வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. வேறு நாடு, வேறு மொழி, அதே திகைத்த முகம். யாரோ அவர்களைக் கேம்பிங்குக்கு அழைத்திருக்கிறார்கள். கூலர் என்றால் என்ன என்று அந்தப் பெண் படிக்கட்டில் நின்று என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கணவர் பெரிய பெட்டியைத் தருவதாக உடனே எழுந்துவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கப் போவது யார் என்பதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மெல்ல உட்கார்ந்துகொண்டார். நான் நீலப் பெட்டியை யோகா விரிப்போடு கொடுத்தேன். பானங்களை முந்தைய இரவே குளிரவைக்கவும், பாட்டில்களை உறையவைக்கவும், தண்ணீரை வடிக்காதிருக்கவும் என்று இந்த நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. தாளும் இருந்தது. இங்கே பள்ளியில் சேர்ந்து ஒரு மாதமே ஆன அவளுடைய மகள் என் எழுத்துப்பிழைகள் இரண்டைச் சிவப்பு மையால் சுழித்துத் திருத்தியிருந்தாள். மூன்றாவது ஒன்று இருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை.