1.2 எல்லோருக்கும் நார்மல் இல்லை

நான் டாக்டர் இல்லை. தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 வருஷமாக மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் வேலை. ஒருநாள் எங்கள் சிறுநீரக டாக்டரம்மா வந்து, "டயாலிசிஸுக்கு வர்றவங்கள்ல நிறையப் பேர் நம்மகிட்டயே வருஷக்கணக்கா சர்க்கரைக்கு மாத்திரை வாங்குனவங்கப்பா. இப்ப சர்க்கரைக்கு வர்றவங்களோட பழைய கிரியாட்டினினை எல்லாம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிப்பார்கள்.

லேப் சாஃப்ட்வேரிலிருந்து நாலு வருஷத்து முடிவுகளை எக்செலில் இறக்கி, வயதும் பாலினமும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும், 2021-ல் வந்த சிகேடி-எபி சூத்திரத்தைப் போட்டேன். 28 வயதுப் பையன் ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.2. இரண்டு வரி தள்ளி 62 வயது அம்மா ஒருவருக்கும் அதே 1.2. எங்கள் லேப்பில் 1.3 வரை நார்மல், அதனால் இரண்டு ரிப்போர்ட்டிலும் அளவு தப்பினால் விழும் நட்சத்திரக் குறி விழவில்லை. கணக்குப் போட்டால் பையனின் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 84 மில்லி, அந்த அம்மாவுக்கு வெறும் 51. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை குறைந்த வயதான உடம்பில் 1.2 என்பதே அதிகம். இந்த அளவு 60-க்குக் கீழே இறங்கி மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். எட்டு மாதம் முன்னாலும் அவருக்கு 1.2 தான், ஆனால் ஃபைலில் நோய் என்ற இடத்தில் சர்க்கரை, பிரஷர், அவ்வளவுதான். ஓ.பி. நெரிசலில் இன்றைய தாளைத்தான் பார்க்க முடிகிறது, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இப்படி 60-க்குக் கீழே இருப்பவர்களைப் பட்டியல் எடுத்தேன். முதல் பட்டியலில் நான் பெரிய தப்பு செய்தேன். ஒரே ஒரு தடவை கிரியாட்டினின் ஏறியிருந்தவர்களையும் சேர்த்துவிட்டேன். அதில் ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னதும் எடுத்த மகள் அழ ஆரம்பித்துவிட்டார். அந்த நோயாளி வாந்தி பேதியோடு அட்மிட் ஆன அன்று எடுத்த ரத்தம் அது. திரும்ப எடுத்தால் 0.9. அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் உள்நோயாளி நாட்களை நீக்கி, 90 நாள் இடைவெளியில் இரண்டு முடிவு இருந்தால் மட்டும் என்று மாற்றினேன், பட்டியல் பாதியாகக் குறைந்தது. லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி என்று ஒருவருக்கே மூன்று ஓ.பி. எண்! இரண்டு முடிவும் வெவ்வேறு எண்ணில் கிடந்தால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? போன் நம்பர் வைத்துச் சேர்க்கலாமென்றால் வீட்டில் எல்லோருக்கும் மகனுடைய நம்பர்தான். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் சேர்த்தேன்.

இன்னொரு குறை இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குக் கிரியாட்டினின் ஏறும் முன்பே பெரும்பாலும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பித்துவிடும். அந்தப் பரிசோதனை எங்களிடம் மிகச் சிலருக்குத்தான் எழுதப்பட்டிருந்தது, எழுதாததை எந்த எக்செலிலும் தேட முடியாது.

அந்த 62 வயது அம்மா மஞ்சப்பையோடு வந்தார். "எனக்குச் சர்க்கரைதானே தம்பி, கிட்னியில ஒண்ணும் இல்லன்னுதான சொன்னாங்க" என்றார். பையில் மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாகவே வாங்கிய வலி மாத்திரை அட்டை இருந்தது. டாக்டரம்மா முதலில் அதை நிறுத்தச் சொல்லி, அல்புமின் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பையின் அடியில், 2019-ல் வெளி லேப்பில் எடுத்த தாள் ஒன்று, நாலாய் மடித்து, மடிப்பில் மை உதிர்ந்து. கிரியாட்டினின் 0.8. அன்று சாயங்காலமே அதை அவர் எண்ணில் ஏற்றினேன்.