ரங்கநாதன் தெருவில் அப்பா

மாம்பலம் ஸ்டேஷன் படி இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்ததுமே அப்பா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நாம நடக்கிறோமா, கூட்டம் நகருதான்னே தெரியலடா" என்றார். எழுபத்தாறு வயது. விரல்கள் நடுங்கின.

வயசுக்கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். நாம் நடக்கும்போது, போகும் திசையிலிருந்து காட்சி முழுக்க விரிந்து இருபுறமும் பின்னால் ஓடுகிறது. திசையை அறிய இந்த ஓட்டம் உதவுகிறது என்று 1950-லேயே எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன். ஆனால் அதற்குச் சுற்றியுள்ளவை அசையாமல் நிற்க வேண்டும். ரங்கநாதன் தெருவில் எது நிற்கிறது? எதிரே வருபவர் நெருங்குவதில் பாதி என் நடை, பாதி அவர் நடை. கூடவே வருபவரோ நகராதவர் போலத் தெரிகிறார்.

நகர்வது அவர்களா நாமா என்பதற்கு ஆட்களின் கால்வீச்சிலும் ஒரு துப்பு இருக்கிறது. 1973-இல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி ஆட்களை நடக்கவிட்டுக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். பார்த்தவர்கள் உடனே ஆள் நடப்பதைக் கண்டுகொண்டார்கள். எனக்கு இன்றும் புல்லரிக்கும் விஷயம் இது. ஆனால் தோளோடு தோள் உரசும் நெரிசலில் கால் எங்கே தெரிகிறது?

வயதாக ஆக, உடலின் சமநிலையையும் அசைவையும் உணர்த்தும் உள்காதும் பாத உணர்வும் மந்தமாகும். கண்ணையே அதிகம் நம்ப வேண்டிவரும். அந்தக் கண்தான் அங்கே குழம்புகிறது.

"ஆளுங்களப் பாக்காதீங்கப்பா, மேல கடை போர்டப் பாருங்க. கீழ நான் பாத்துக்கிறேன்" என்றேன். நாலு கடை தாண்டியதும் பிடி தளர்ந்தது. பாத்திரக்கடை வாசலில் கையை விட்டுவிட்டு, தூக்குவாளி விலை கேட்கப் போய்விட்டார்.